குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்

ஜூன் 9, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே கூடாது.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அப்பாதான் அட்மின். தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று சொல்வதற்காக ஆரம்பித்த குழு. தேர்தல் முடிந்தும் அதில் சண்டை முடியவில்லை. இன்று எதிர்வீட்டு ஜம்புகுமார் அங்கிள், அப்பாவின் கட்சித் தலைவரைக் கிண்டல் செய்து ஒரு படம் போட்டார். "காசுக்குக் கூவுற கூட்டம்" என்று அப்பா எழுதினார். "நீ எவ்ளோ வாங்கின?" என்று அவர். அப்பா அவரை நீக்கிவிட்டார்.

அவர் மகள் சுருதி என் வகுப்பு. ஒரே பெஞ்சு.

ஜூன் 12, வெள்ளி

விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். எதிர்வீட்டில் விளக்கே எரியவில்லை. அவர்களுக்குத்தான் செய்தி போகவில்லையே!

"எழுப்பட்டுமாப்பா?"

"உன் வேலையப் பாரு."

எங்கள் தொட்டி நிரம்பித் தெருவில் வழிந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

பள்ளியில் சுருதி சொன்னாள்: "எங்கம்மா கேன் தண்ணில சோறாக்குறாங்க. உங்கப்பாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாரு."

ஜூன் 13, சனி

செய்துவிட்டேன். அப்பா குளிக்கும்போது அவர் போனை எடுத்து அங்கிளை மறுபடி சேர்த்துவிட்டேன்.

பத்தே நிமிடத்தில் அங்கிள் எல்லோரும் பார்க்க, அப்பா பெயரைச் சொல்லி எழுதினார்: "தேங்க்ஸ் வல்லரசு. நானும் அன்னிக்கு ஜாஸ்தியா பேசிட்டேன். மன்னிச்சுக்க."

அப்பாதான் சேர்த்தார் என்று நினைத்துவிட்டார். ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லையே.

அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "நீதானடி சேர்த்த? என் மானத்த வாங்கவா?" அம்மா அழுதாள். நான் பாத்ரூமில் ஒளிந்துகொண்டேன். சீ, என்ன பொண்ணு நான்?

நாளைக்குச் சொல்லிவிடுவேன். அடித்தால் அடிக்கட்டும்.

ஜூன் 14, ஞாயிறு

சொன்னேன். "நான்தாம்பா. எவ்ளோ வேணா சண்ட போடுங்க, மூஞ்சிக்கு நேரா போடுங்க. தண்ணி வர்ற நேரத்த மறைக்காதீங்க."

அப்பா கையை ஓங்கினார். அப்படியே இறக்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிறகு அங்கிளிடமும் போய்ச் சொன்னேன். அவர் அப்பாவை நம்பியல்லவா மன்னிப்புக் கேட்டார்? முகம் சுருங்கிவிட்டது. "அப்ப உங்கப்பன் சேக்கலையா?" கதவைச் சாத்திக்கொண்டார்.

கெடுத்துவிட்டேனா? கெட்டாலும் பரவாயில்லை. பொய் சொல்லி இருவரையும் சேர்த்துவைக்க என்னால் முடியாது.

ஜூன் 15, திங்கள்

அப்பா அங்கிளை நீக்கவில்லை. மாலையில் குழுவில் எழுதியிருந்தார்: "நாளைக்கு காலைல 5.30க்கு தண்ணி. ஜம்புகுமார், உங்க வீட்டுக்கும்தான். கட்சி பேசணும்னா இங்க வேணாம். வீட்டுக்கு வாங்க, உக்காந்து பேசலாம்."

நாலு தடவை படித்தேன். அங்கிள் பதில் போடவில்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "வரச் சொன்னியே வல்லரசு, வந்துட்டேன்!" அங்கிள்தான். குரலில் கோபம் அப்படியே இருக்கிறது. அப்பா நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.