நெருப்பு கேட்டுப் போனேன்

நெல்லிவாசல்,
12.8.1978

அன்புள்ள மனைவி கன்னியம்மாளுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலந்தானே? உன் மணிக்கட்டு வலி தேவலையா?

இங்கே மழை விடவில்லை. போன வாரம் காலையில் தீப்பெட்டி நமத்துப்போக, பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போனேன். தீர்த்தகிரி தன் மனைவி மங்கம்மாளை அடிக்கக் கையை ஓங்கி நின்றார். என்னைக் கண்டதும் கை இறங்கிவிட்டது. நெருப்பு கேட்டு வந்தவரை இங்கே வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். "இன்னாங்க வாத்தியாரே, நெருப்பா?" என்று அவரே கொள்ளி எடுத்துக் கொடுத்தார்.

எதிர்வீட்டுப் பஞ்சாட்சரத்திடம் இதைச் சொன்னேன். மறுநாள் தீர்த்தகிரி வீட்டில் சத்தம் கேட்டதும் அவர் போனார். வாயில் பீடி புகையப் புகைய, "கொஞ்சம் நெருப்பு குடுப்பா" என்றாராம்! இப்போது சத்தம் கேட்டாலே ஆண்களில் யாராவது போய் நின்றுவிடுகிறோம். நேற்று தீர்த்தகிரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாய்யா, ஊர் அடுப்பு மொத்தமும் என் வூட்லதான் எரியுதா?" என்றார்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் பஸ் கண்டக்டரிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. தீப்பெட்டி வேண்டாம். கை வலிக்காவிட்டால் நாலு வரி எழுது. பஸ் கிளம்புகிறது, முடிக்கிறேன்.

சித்திரையில் நான் உன் கையை முறுக்கிய அன்று, நம் வீட்டுக்கு யாருமே நெருப்பு கேட்டு வரவில்லை.

தங்கவேல்