வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

மூன்று மணிக் கூட்டத்துக்குச் சங்கத்துக்குப் போனேன். கதவில் புதுப் பூட்டு. மேலே கட்சிக் கொடி. எங்கள் பெண்கள் சங்கத்துப் பலகை சுவரோரம் குப்புறக் கிடக்கிறது. நான் செங்கல் சுமந்து கட்டிய இடம்.

வாசலில் நின்ற கட்சிக்காரர் சிரித்தார். “என்ன பாட்டி, நீங்க எல்லாரும் சேர்ந்துதானே எழுதிக் குடுத்தீங்க?”

நானா?

மார்ச் 5

பதிவு அலுவலகத்தில் சங்கத் தீர்மானப் புத்தகத்தின் நகலைக் காட்டினார்கள். கட்டடத்தைக் கட்சிக்குக் கொடுக்க எல்லாருக்கும் சம்மதமாம். கீழே என் கையெழுத்து. என்னுடையதேதான். கடைசி எழுத்தின் வால் வேறு யாருக்கும் அப்படி வளையாது.

பிறகுதான் உறைத்தது. கூட்டத்துக்கு ஆள் சேராத நாளுக்கு ஆகும் என்று சங்கத் தலைவி வெற்றுத்தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பாள். “அவசரத்துக்கு உதவும்க்கா.” நாங்களும் பேச்சுவாக்கில் போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க ஓடுவோம். அந்தத் தாளை நிரப்பிவிட்டார்கள்.

அவள்தான் கொடுத்திருப்பாள். பதினான்கு வருஷத்துக்கு முன் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து “கைநாட்டுக்கு என்ன தெரியும்” என்றவள். அன்று பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அந்த ரோஷத்தில்தான் நான் எழுத்தே கற்றேன். கற்று என்ன கிழித்தேன்?

மார்ச் 8

நான் கொடுத்த புகாருக்குப் பன்னிரண்டாம் தேதி பதிவு அலுவலகத்தில் விசாரணை. உறுப்பினர்கள் வந்து மறுத்தால்தான் உண்டு. வீடு வீடாக ஏறினேன். ஒருத்திக்கு உதவித்தொகை நின்றுவிடுமென்று பயம். இன்னொருத்தி கதவே திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் குறைந்தது.

மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “என் கான்ட்ராக்ட் வேலை அவங்க கையில இருக்கும்மா. உனக்கெதுக்கு ஊர் வம்பு?”

ஊர் வம்பாம். நான் கூட்டத்தில் இருக்க, சின்ன வயசில் அவன் படுத்துத் தூங்கிய தரை அது.

மார்ச் 12

போனேன். தனியாக.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க. போட்டப்ப தாள் வெறுமையா இருந்துச்சு.”

“படிக்காம போடலாமா பாட்டி?” என்றார் அதிகாரி.

“படிக்க ஒண்ணுமே இல்லையேங்க.”

எழுத்தர் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“வேற யாராவது வந்திருக்காங்களா?”

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு காலி.

மார்ச் 16

மகனை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். மருமகள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்

கட்சிக் கொடி இறங்கிவிட்டது. முடிவு தெரியும்வரை கட்டடத்துக்கு அரசாங்கச் சீல், எங்களுக்கும் திறக்காது. எழுத்தர் பெண்தான் காரணம் சொன்னாள்: நான் வந்துபோன மறுநாள் தலைவி போய், “கட்சிக்காரங்க மிரட்டினாங்க, கையெழுத்துத் தாளை நான்தான் குடுத்தேன்” என்று எழுதிக் கொடுத்தாளாம்.

மூன்று மணிக்குச் சங்கத்துப் படியில் உட்கார்ந்தேன். வேறு யாரும் வரவில்லை. அப்புறம் தலைவி வந்தாள். மறுகோடியில் உட்கார்ந்து, ஒரு புது நோட்டில் தேதி போட்டாள். வந்தவர் இருவர், கட்டடம் பூட்டியிருக்கிறது, அடுத்த கூட்டமும் இதே படியில் என்று எழுதி என் பக்கம் நீட்டினாள்.

எழுத்துக்கூட்டி முழுசும் படித்தேன். அவள் காத்திருந்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பச்சைச் சேலையை மட்டும் மறக்கவில்லை.