வலப்பக்க ஸ்பீக்கர்

மதிப்பிற்குரிய உம்மாவுக்கு, ஹிக்மத்தின் சலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

விடுமுறை முடிந்து நம் ஊர் இர்பித்திலிருந்து காரிலேயே தம்மாமுக்கு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே காரின் வலப்பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. ஃபியூஸ் மாற்றினேன். டேப்பின் பின்னால் ஒயர்களை இடம் மாற்றிப் பார்த்தேன், டேப்பில் குறையில்லை. அப்படியானால் ஸ்பீக்கர் இருக்கும் கதவுக்குள்தான் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். காரைக் கழுவுவது என் அறைத்தோழன் வஸ்ஃபி. வாசலிலேயே வைத்துக் கத்தினேன்.

“குழாயைக் கதவுக்குள்ளயே விட்டியாடா, கழுதை?”

“கழுவிவிட்டதுக்குக் கூலியா இது? இனிமே உன் கார்ல ஏறினா என் பேரு வஸ்ஃபி இல்ல!”

அன்றிலிருந்து அவன் தனியாகச் சமைக்கிறான்.

நேற்று கதவைப் பிரித்தேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் உங்கள் பழைய முக்காட்டுத் துணியில் ஒரு முடிச்சு. நீலமணி, படிகாரம், ஒரு பிடி உப்பு! ஸ்பீக்கர் மூடியைக் கழற்ற உங்களுக்கு யார் சொல்லித் தந்தது? கண்ணேறு படக்கூடாதென்றால் முன்கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கக் கூடாதா? இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் உப்பு கசிந்து ஒயரையே தின்றுவிட்டது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே, உம்மா!

ஒயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் பாடுகிறது. ஓட்டும் எனக்குப் பக்கத்தில், வஸ்ஃபி உட்காரும் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து கேட்கத்தான் ஆளில்லை.

ஊரிலிருந்து வருபவர்களிடம் கத்தரிக்காய் ஊறுகாய் இரண்டு ஜாடி கொடுத்தனுப்புங்கள். ஒன்றில் வஸ்ஃபியின் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். தப்பு உங்களுடையது, மன்னிப்பையும் நீங்களே கேளுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. முடிச்சை எறியவில்லை. உப்பை மட்டும் கொட்டிவிட்டு முன்கண்ணாடியில் கட்டியிருக்கிறேன்.

உங்கள் மகன்,
ஹிக்மத்