ஜுனைதாவுக்கும் சுகம் என்று எழுதியிருக்கிறார்கள்

1955 ஜூன் 3, வெள்ளி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்றைக்கு டாக்குத்தர் என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சுபைறா ராத்தாவைப் போல சொன்னபடி மருந்து குடிக்கிற ஆளை நான் காணல்ல" என்று அத்தனை பெண்களுக்கும் முன்னால் சொன்னார். நானும் முக்காட்டை இழுத்துவிட்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் குமர்ப்பிள்ளை நிற்பது மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நாற்பத்தாறு வயதில்!

சொன்னபடி குடித்தவளாம். காலையில் ஒன்று, பகல் ஒன்று, இரவு ஒன்று என்றுதான் அவர் சொன்னது. நான் நோன்பு மாதம் முழுக்க மூன்றையும் பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பிறகு, பள்ளிவாசல் கஞ்சியோடு ஒரே வாயில் விழுங்கினேன். "வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லை, பள்ளி லெப்பையிட்டயும் கேட்டுட்டன்" என்று டாக்குத்தர் முதலிலேயே சொல்லியிருந்தார். நாங்களும் ஓம் ஓம் என்றோம். ஓம் என்று சொல்ல நோவுமா? ஊரே நோன்பு பிடிக்க நான் மட்டும் பட்டப்பகலில் தண்ணீர் குடித்து மாத்திரை விழுங்குகிறதா?

ஆனால் இருமல் போய்விட்டது. நெஞ்சுக்குள் கிடந்த பூனைக்குட்டி எழும்பிப் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 5

நெய்தேன். வெயில். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 9

டாக்குத்தர் நல்லரெத்தினம் மட்டக்களப்புப் பிள்ளை. கலியாணம் முடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து மருதமுனைக்கு மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். கூட ஆஸ்பத்திரி நர்ஸ், பாண்டிருப்புத் தங்கேஸ்வரி மிஸி. தறிக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, இரவானால் மூச்சு இழுக்கிற இந்த வருத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வருத்தத்தின் பேரையும் சொன்னார். நாக்குச் சுளுக்குகிற பேர்.

இப்போது அதை டாக்குத்தர்மார் வாசிக்கிற கொழும்புப் பத்திரிகைக்கு எழுதுகிறாராம். எழுதலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உங்களுக்குச் சம்மதம் இல்லாட்டி எழுத மாட்டன் ராத்தா."

"பேர் போடுவீங்களா?"

"பேர் போட மாட்டம். நாப்பத்தாறு வயசுப் பொம்பிளை, நெசவு, எண்டு மட்டும்தான்."

"நாப்பத்தாறா! முப்பத்தெட்டு எண்டு போடுங்க மகன். கொழும்பில இருந்து ஆரும் வந்து என்ட பல்லைப் பிடிச்சிப் பாக்கப் போறாங்களா?"

மிஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்குத்தரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "வயசில பொய் சொன்னா மற்றதை எப்படி நம்புற ராத்தா? இதை வாசிச்சிப்போட்டு எங்கேயோ ஒரு டாக்குத்தர் அங்க ஒரு பொம்பிளைக்கு இதே மாதிரி மருந்து குடுப்பார். அந்தப் பொம்பிளைக்கு நாம பொய் சொல்லலாமா?"

எனக்கு உடனே பதில் வரும், ஊருக்கே தெரியும். இன்றைக்கோ, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

ஜூன் 10

மூன்றையும் ஒன்றாக விழுங்கினதை இவரிடம் சொன்னேன். இவர் தறியில் இருந்தபடியே, "மூண்டும் வயித்துக்குள்ளதானே போனது. வயிறு என்ன மணிக்கூடா பாக்குது?" என்றார். நானும் சிரித்தேன். மக்கீன் என்கிற இந்த மனுசனை முடித்ததில் இதுதான் லாபம், எந்தக் கவலையையும் ஒரு நூல் இழுப்பதற்குள் சின்னதாக்கிவிடுவார்.

சின்னதாகத்தான் ஆனது. போகவில்லை.

ஜூன் 14

விடியப்புறம் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அந்தப்பக்கம் சத்தம். விசில் ஊதுகிற மாதிரி. எட்டிப் பார்த்தால், என்னோடு மாத்திரை வாங்கின பக்கத்து வீட்டு ஜுனைதா, கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து. எனக்குத்தான் அந்தச் சத்தம் தெரியுமே, ஒரு வருசம் நான் வளர்த்த பூனைக்குட்டி.

"என்னகா இது? உனக்குச் சுகமாகிப் போச்செண்டுதானே டாக்குத்தருக்குச் சொன்ன?"

மூச்சு வந்த பிறகு சொன்னாள். இரண்டு நாள்தான் மாத்திரை குடித்தாளாம். இரவு குடித்தால் மறுநாள் பகல் வரை குமட்டல். சத்தி எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து மிச்சத்தை வாழையடியில் புதைத்துவிட்டாள். வாழைக்கு இருமல் வராது இனி.

"அப்ப ஏன்டி சுகமெண்டு சொன்ன?"

"வீடு தேடி, வெயிலுக்குள்ள சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மனுசன். 'சுகமா?' எண்டு முகத்தைப் பாத்துக் கேக்கக்குள்ள 'இல்லை' எண்டு சொல்லி அனுப்பச் சொல்றியா? நீ சொல்லுவியா?"

நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடும் அனுப்புவதில்லை, 'இல்லை' என்ற சொல்லோடும் அனுப்புவதில்லை. அவர் வருவது பகலில். இவளுக்கு இழுப்பது விடியப்புறம். வாயில் ஒரு வெற்றிலையை அடக்கிக்கொண்டு இருமலையும் அடக்கியிருக்கிறாள்.

"இப்பயெண்டாலும் போய்க் கேளன்."

"சுகமானவளுக்கு ஆருகா மருந்து தருவான்? அவர் எழுதியும் போட்டார். நீ வாயைத் திறந்தியோ, உன்ட வாசலை மிதிக்க மாட்டன்."

ஜூன் 15

நெய்ய மனமில்லை. இரண்டு தரம் இழை அறுந்தது. எனக்குள்ளேயே கதைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மூண்டையும் ஒண்டாப் போட்டது பகிடியெண்டு வைப்பம். இவள் குடிக்கவே இல்லையே! டாக்குத்தர்ட புத்தகத்தில சுகமானவள், கிணத்தடியில சாகக் கிடக்கிறவள். மாத்திரை வேலை செய்யல்ல எண்டா வேற மாத்திரை குடுப்பாங்க. குடிக்கல்ல எண்டா திரும்பக் குடுப்பாங்க. சுகமெண்டா? போயிட்டு வாங்க எண்டுதான் சொல்லுவாங்க. இவளைப் போல இன்னொருத்தி எங்கயோ இதே மருந்தைக் குடிச்சி இதே குமட்டலோட இருந்தா, 'மருதமுனையில ஆருக்கும் குமட்டல்லையே' எண்டு அவளையல்லவா திட்டுவாங்க?

போவதா? போனால் ஜுனைதா பேச மாட்டாள். பேசாத ஜுனைதாவைப் பார்ப்பதா, இழுக்கிற ஜுனைதாவைப் பார்ப்பதா—

ஜூன் 17, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு இவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் பகிடியாகத்தான் தொடங்கினேன்: "டாக்குத்தர், உங்கட நல்ல நோயாளி ஒரு கள்ள நோயாளி." அவர் சிரிக்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சிரிப்பு இறங்க இடமில்லாமல் முகத்திலேயே நின்றது.

"தபால்ல போட்டாச்சு ராத்தா" என்றார்.

பேர்ப் புத்தகத்தைப் புரட்டி, "மற்ற ஆக்கள்?"

"நோன்பை ஆர் விட்டது மகன்?"

தங்கேஸ்வரி மிஸி சுவரைப் பார்த்தபடி, "எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்த, டாக்டர். நீங்க சந்தோசமா இருந்தீங்க. நானும் கேக்கல்ல" என்றார்.

அப்போ மிஸியும் எங்களைப் போலத்தான். முகத்தைப் பார்த்து 'இல்லை' சொல்லத் தெரியாதவர்.

டாக்குத்தர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். ஜுனைதாவை நாளைக்கே பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 21

மிஸி தனியாக வீடு வீடாகப் போனார். டாக்குத்தர் வரவில்லை. மிஸி கெட்டிக்காரி. 'குடிச்சீங்களா' என்று கேட்கவில்லை. 'எப்படிக் குடிச்சீங்க, எனக்கும் சொல்லுங்களன்' என்று குந்தியிருந்து கேட்டார். நோன்பு துறக்கக்குள்ள, விடியுமுன் சஹர்ச் சாப்பாட்டுக்கு, இரண்டு அப்போது ஒன்று இப்போது — எல்லாரும் அருவியாகக் கொட்டினார்கள். பகலில் ஒருத்தியும் குடிக்கவில்லை.

ஜுனைதாவுக்குப் புதிதாக மாத்திரை கொடுத்தார்கள். வாங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 28

ஜுனைதா என்னோடு பேசுவதில்லை. தன் கோழியோடு பேசுகிறாள். எனக்குக் கேட்கிற மாதிரி.

"கோழியே, உனக்கு அல்லாஹ் சொண்டுதான் தந்தான். சில பேருக்கு ஒலிபெருக்கி தந்திருக்கான்."

நானும் என் பூனையிடம் சொன்னேன்: "பூனையே, கோழிக்காரி இண்டைக்கு ஒரு மூச்சில எத்தினை சொல்லுச் சொன்னா, பாத்தியா? அண்டைக்குக் கிணத்தடியில ரெண்டுக்கே இழுத்த."

அந்தப்பக்கம் கோழிதான் கொக்கரித்தது. சிரித்திருப்பாள். அவள் சிரிப்பை அடக்கினால் எனக்குத் தெரியும்.

ஜூலை 8

டாக்குத்தர் வந்தார். மெலிந்திருந்தார். எழுதியதை அச்சடிக்க வேண்டாம் என்று அவர் பத்திரிகைக்கு எழுதப் போக, கொழும்பில் இருக்கிற பெரிய டாக்குத்தர் கோபித்துக்கொண்டாராம். அவர் ஏன் கோபிக்கிறார் என்று கேட்டேன். எழுத்தில் முதல் பேர் அவருடையதாம்.

"அவர் இஞ்ச எப்ப வந்தவர்?"

"வரல்ல ராத்தா. அது ஒரு வழக்கம்."

"கரைவலையில கயிறே பிடிக்காதவனுக்கு முதல் பங்கா? சாய்ந்தமருதுக் கடற்கரையில கேட்டுப் பாருங்க, துடுப்பாலதான் பதில் சொல்லுவாங்க."

அன்றைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தார். பிறகு மிச்சத்தையும் சொன்னார். ஜுனைதாவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விடு, ஒரு பொம்பிளை குறைந்தால் யாருக்குத் தெரியும் என்கிறாராம் பெரியவர். இவர் மேல்படிப்புக்குச் சீமைக்குப் போக அந்தப் பெரியவர்தான் கை காட்ட வேண்டும்.

"என்ன செய்யப் போறீங்க மகன்?"

"தெரியல்ல" என்றார். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 9

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இந்நேரம் கப்பலுக்குப் பெட்டி அடுக்கும்.

ஜுனைதா இன்று கிணற்றடியில் நாலு வாளி இழுத்தாள். நின்று மூச்சு வாங்கவில்லை.

இரண்டையும் எழுதி வைக்கிறேன். எது பாரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூலை 23

முழுவதையும் திருப்பி எடுத்துவிட்டார். புதிதாக எழுதுகிறார். பெரியவர் தன் பேரை எடுக்கச் சொல்லிவிட்டாராம். "எடுத்தாச்சு" என்றார் டாக்குத்தர், முள் எடுத்த மாதிரி.

திரும்பவும் சம்மதம் கேட்க வந்தார். இந்த முறை நோன்பும் எழுத்தில் வரும், மாத்திரையைப் புதைத்ததும் வரும். ஜுனைதா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"மறைச்சவ எண்டு போடப்படாது" என்றாள் உள்ளே இருந்து. "சத்தி வரும் எண்ட பயத்தில விட்டவ. குமட்டல் இருந்த. அதைப் போடுங்க."

"ஓம், குமட்டல். அதை நான் எழுதவே இல்லையே" என்றார் டாக்குத்தர்.

"நீங்க கேக்கவே இல்லையே."

அவர் அங்கேயே நின்று எழுதிக்கொண்டார்.

ஜூலை 31

ஹஜ்ஜுப் பெருநாள். ஜுனைதா வட்டிலப்பம் கொடுத்துவிட்டாள். ஆள் வரவில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் போனேன். "உள்ளுக்கு வாவன், வாசல்ல நிண்டு என்ன பாக்குற" என்றாள். போனேன். அஸர்த் தொழுகை வரை கதைத்தோம். ஊரில் ஒருவரையும் மிச்சம் விடவில்லை.

நவம்பர் 18, வெள்ளி

மழை. நாலு நாளாக விடவில்லை. அதற்குள்ளும் டாக்குத்தர் வந்தார், சட்டைக்குள் பத்திரிகையை வைத்துக்கொண்டு. தங்கேஸ்வரி மிஸியும் வந்தார். ஜுனைதாவைக் கூப்பிட்டேன்.

சின்னதாகத்தான் போட்டிருக்கிறார்கள், ஒன்றரைப் பக்கம். மேலே அவர் பேர், கீழே மிஸியின் பேர். மிஸி அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். டாக்குத்தர் தமிழில் சொல்லி வாசித்தார். நோன்பு மாதத்தில் கொடுத்தோம், பகலில் எவரும் குடிக்கவில்லை, நாங்கள் சரியாக விசாரிக்கவில்லை, ஒருவர் குமட்டலால் இடையில் விட்டார், அவருக்குச் சுகம் என்று முதலில் பிழையாக எழுதினோம், பிறகு சாப்பாட்டோடு கொடுத்ததில் குணமானார். மூன்று வேளை கொடுப்பது பற்றி எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

"அந்த ஒருவர் நான்தான்" என்றாள் ஜுனைதா, மிஸிக்குத் தெரியாதது மாதிரி.

"சீமைக்கு எப்ப மகன்?" என்று கேட்டேன்.

"இந்த வருசம் இல்லை ராத்தா. அடுத்த வருசமும் தெரியாது." சொல்லிவிட்டு, மிச்சத்தை வாசிக்க வெளிச்சம் போதவில்லை என்று யன்னல் பக்கமாக ஒரு அடி பின்னால் வைத்தார். அங்கே தறிக்குழி, நெய்யும்போது கால் விடுகிற பள்ளம். விழுந்தார். குழியில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. பத்திரிகையைத் தலைக்கு மேல் பிடித்திருந்ததால் அது நனையவில்லை. இவரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றினோம். இவருடைய சாரம் ஒன்றை உடுத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, சைக்கிளில் போனார். சாரம் அவருக்குக் கட்டை, கணுக்கால் தெரிந்தது.