லைன் என்று ஒரு சொல்

செலண்டார்
3.3.2025

தங்கை ராகினிக்கு,

ஃபோனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே, அதனால்தான் கடிதம்.

உன் மகள் திலகாவின் நிச்சயதார்த்தத்தில் நான் என்ன கொலையா செய்தேன்? சம்பந்தியம்மா ஊர் கேட்டார். "எஸ்டேட் லைன் வீட்டுல பொறந்தவங்க" என்றேன். நீ நம் அப்பாவை எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்று சொல்லி வைத்திருந்தது எனக்கெப்படித் தெரியும்? ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த மனிதருக்குச் செத்த பிறகு பதவி உயர்வு!

போகட்டும். வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டூர் கம்பெனியில் வழிகாட்டி வேலைக்கு இண்டர்வியூ. ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதன் அர்த்தங்களையெல்லாம் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்வார்களாம். எனக்கு இந்த வேலை வேண்டும்டி. ஒரு வார்த்தை தைரியம் சொல்லேன்.

உன் அக்கா,
தேவமலர்

புக்கிட் காத்தில்
7.3.2025

அக்கா,

அன்றிலிருந்து சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு ஃபோன்கூட இல்லை. திலகா அழுதுகொண்டே இருக்கிறாள். கல்யாணம் நின்றால் நீதான் பொறுப்பு. இண்டர்வியூவிலாவது எஸ்டேட் கதையை எடுக்காதே. நிதானமாகப் பேசு. சாப்பிட்டுவிட்டுப் போ.

ராகினி

செலண்டார்
14.3.2025

அடி ராகினி,

வேலை கிடைத்துவிட்டதடி! கொடுத்த சொல் என்ன தெரியுமா? 'லைன்'! ஐயோ முருகா என்று உன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

கோடு என்றேன். வரிசையில் நிற்பது, ஃபோனுக்குக் கிடைக்கும் லைன், துணி காயப்போடும் கொடி, கடிதத்தில் ஒரு வரி, நாடகத்தில் பேசும் வசனம், ஒருவர் பார்க்கும் தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் சொன்னேன். "வேறு ஏதாவது?" என்று மேனேஜர் கேட்டார். நீ சொன்னதை மறக்கவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. நான் பிறந்ததே ஒரு லைனில்தான் என்றேன். ஒட்டிக்கொண்டிருந்த வீடுகள், எல்லாருக்கும் பொதுவான குழாய், விடியுமுன் வேலையாட்களைக் கூட்டும் பெரட்டு மணி அடித்ததும் பால் வாளியோடு ஓடிய அப்பா, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். நாக்கு குழறவே இல்லை. மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார்!

நீ திட்டினாலும் பரவாயில்லை. இன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேவமலர்

புக்கிட் காத்தில்
20.3.2025

என் அன்பு அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையில் வைத்திருக்கும்போதே சம்பந்தியம்மா வந்து நின்றார். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்ன துணிச்சலோ, "எங்கப்பா கிராணி இல்லைங்க, மரம் வெட்டினவரு. அக்கா சொன்னதுதான் நெசம்" என்று நானே சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்பாடா! ஒரே வீட்டுல ரெண்டு கதையா இருக்கேன்னுதான் பேசாம இருந்தோம். நாங்களும் சுங்கை ரம்பாய் பக்கம் லைன் வீட்டுல இருந்தவங்கதான் லா. இதுக்கு ஏம்மா பொய்யி?" என்றார். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் வேன் எடுத்து, நம் வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போகிறோம். வழிகாட்டி நீதான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல். நான் உன் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
மரம் வெட்டிய மாயாண்டியின் இளைய மகள்
ராகினி