மீதி இருந்த சுற்று

அண்ணி,

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பின் வாடை வந்தது. லிங்கராஜபுரத்தில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. விளையாட்டு விழாவுக்காகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இரவு பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. ஒருவர் ஓட்டை போட்ட தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டே நடக்க, வெள்ளைக் கோடு அவர் பின்னால் போயிற்று. வளைவில் அது கோணிக்கொண்டது. இன்னொருவர் காலால் தேய்த்து அழித்தார். காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜன்னலைச் சாத்தினேன். வாடை வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. படத்துக்கு மாலை போட்ட ஒருவர்மேல் கோபம் என்று யாரிடம் சொல்ல முடியும்? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆனேக்கல்லிலிருந்து நீங்கள் எங்கள் ஸ்ரீராம்புரத்து வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. உங்கள் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ இருந்தது. அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது யாருதும்மா?"

"என்னுதுதாங்க அத்தை. ஓடுவேன்."

"எதுக்கு?"

நீங்கள் சிரித்தீர்கள். அம்மாவும் ஏனோ சிரித்துவிட்டாள். ஷூ கட்டிலுக்கு அடியில் போயிற்று. சில வருடங்கள் அங்கேயே கிடந்தது.

அதை வெளியே எடுக்கவைத்தது அண்ணன் வேலை பார்த்த மில் மூடியதுதான். அண்ணனுக்கு அதற்குப் பிறகு நிலையான வேலை கிடைக்கவில்லை. கத்தவில்லை, குடிக்கவில்லை. ஆனால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் தட்டைப் பார்ப்பார்; நம்மைப் பார்க்க மாட்டார். நீங்கள் கார்மெண்ட்ஸுக்கு வேலைக்குப் போனீர்கள். அங்கே கூட வேலை செய்த பெண் ஒருத்திதான் சொன்னாள்: ஓர் அரசுத் துறை பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறது, அடுத்து நடக்கும் மண்டலப் போட்டியில் பத்தாயிரம் மீட்டரில் முதல் இரண்டு இடம் வருகிறவர்களுக்கு நிரந்தர வேலை. உங்களுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது.

அன்று மாலையே ஷூவைத் தட்டித் துடைத்தீர்கள்.

விடிவதற்குள் நம் சந்தில் சுரிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீங்கள் ஓடியது எல்லோருக்கும் வேடிக்கை. குழாயடியில் நிற்கிறவர்கள் விடமாட்டார்கள். "என்னாம்மா, பஸ்ஸ விட்டுட்டியா?" என்பார் எதிர்வீட்டு அக்கா.

"இல்லக்கா, பஸ்ஸுக்கு முன்னாடி போயி நிக்கலாம்னு பாக்குறேன்."

"போ போ. எங்க வூட்டு ஆளு அங்க நின்னா தள்ளிவிட்டுட்டு வா."

அந்தச் சின்னப் போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. நீண்ட ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சுற்று எண்ண ஆள் வேண்டும்; அத்தனை அதிகாரிகள் வரமாட்டார்கள். அதனால் ஓடுகிறவர்களே ஒருவரைக் கூட்டி வந்து மேஜை ஓரத்தில் உட்கார்த்தி வைப்பார்கள். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். அப்போது நான் கல்லூரி முதல் வருடம்.

"உங்கண்ணன் வேணாம். அவரு எண்ண மாட்டாரு, என்னையே பாத்துகிட்டு இருப்பாரு. நீ வா பாப்பா. புஸ்தகம் படிக்கிறப்ப பக்கத்துல இடி விழுந்தாலும் உனக்குத் தெரியாதுல்ல, அந்த மாதிரி உக்காந்து எண்ணு."

கார்மெண்ட்ஸில் துணிக் கட்டுகளுக்குப் போடும் ரப்பர் பேண்டுகளைக் கொண்டுவந்து, இருபத்தைந்து சுற்றுக்கு இருபத்தைந்தாக என் இடது கையில் மாட்டிவிட்டீர்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒன்றைக் கழற்றி வலது கைக்கு மாற்ற வேண்டும். இடது கை காலியானால் ஓட்டம் முடிந்தது. எழுதிக்கொண்டிருந்தால் குனிய வேண்டும், குனிந்தால் ஆளைத் தவறவிடுவேன் என்பது உங்கள் யோசனை.

அன்று தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கரித்தூள் கலந்த மண் தடம், ஓரத்தில் கோடு கரைந்து பால் மாதிரி ஓடியது. ஓடியவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஒருத்தியை யாரும் பிடிக்க முடியாது என்று முதல் சில சுற்றுகளிலேயே தெரிந்துவிட்டது. இருந்தது இரண்டாவது இடம் ஒன்றுதான். அதற்கு நீங்களும் தும்கூரிலிருந்து வந்த ஒல்லியான பெண்ணும். அவள் உங்கள் முதுகிலேயே கண்ணை வைத்து ஓடினாள். நீங்கள் விலகினால் விலகினாள். ஆனால் முந்தவில்லை. நீங்கள்தான் முன்னால் இருந்தீர்கள். வேலை உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அண்ணன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலாவதாக ஓடுகிறவள் தன் கடைசிச் சுற்றைத் தொடங்கும்போது மணி அடிப்பார்கள். அந்த மணி அவளுக்கு மட்டும். அந்த நேரம்தான் அவள் உங்களை ஒரு முழுச் சுற்று முந்தினாள். அவள் உங்களைத் தாண்டியது சரியாகக் கோட்டின்மேல். மணி உங்கள் காதுக்குப் பக்கத்தில் அடித்தது.

நீங்கள் பாய்ந்தீர்கள்.

அவ்வளவு வேகமாக நீங்கள் ஓடி நான் பார்த்ததில்லை. தும்கூர்ப் பெண் பின்னாலேயே வரவில்லை. தன் சீரில் வந்தாள். அந்த மணி தனக்கில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலாமவளின் பின்னாலேயே கோட்டைத் தாண்டி, கையை விரித்துப் புல்லில் விழுந்தீர்கள். வந்த இடங்களை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி ஒரு கையில் குடையும் ஒரு கையில் பேனாவுமாக, "செகண்டு" என்றார். அண்ணன் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் சிரித்தார். "செகண்டுடி, செகண்டு" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். மில் மூடிய பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

என் இடது கையில் ஒரு ரப்பர் பேண்டு இருந்தது.

"அண்ணி, எந்திரிங்க. இன்னும் ஒண்ணு இருக்கு" என்று கத்தினேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். அப்போது தும்கூர்ப் பெண் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போனாள். அவள் வளைவு திரும்பும்வரை பார்த்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அவள் தன் சுற்றை முடித்து வந்ததும், அவளோடு வந்த ஆள் மேஜைக்கு வந்து கையை ஓங்கி ஓங்கிப் பேசினார். குடை பிடித்த அதிகாரி தன் தாளைப் பார்த்தார். அது நனைந்து மை ஊறியிருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ரெஃப்ரி என்னிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் விழித்ததும் தமிழுக்கு மாறினார்.

"உங்க அக்காவாம்மா?"

"அண்ணி, சார்."

"நீ எண்ணுனது எவ்வளவு? பயப்படாம சொல்லு."

அண்ணன் எழுந்து வந்துவிட்டார். "சொல்லு பாப்பா. முடிஞ்சுதுன்னு சொல்லு." அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்று மனதார நம்பினார்.

நான் யோசித்தேனா என்று பின்னால் எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அதுவரை நான் படித்த புத்தகங்களில் உண்மை சொன்னவர்கள் கடைசிப் பக்கத்தில் நன்றாகவே இருந்தார்கள். அதுதான் அன்று எனக்குத் தெரிந்த உலகம்.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு சார்."

ரெஃப்ரி உங்களிடம் குனிந்தார். "அம்மா, கடைசிப் பொண்ணு இன்னும் ஓடிட்டு இருக்குது. நீ எந்திரிச்சு ஒரு ரவுண்டு போட்டா லிஸ்டுல பேராவது இருக்கும்."

எழுந்தீர்கள். அண்ணன் உங்கள் கையைப் பிடித்தார். "போவாத. எதுக்குப் போற? நீ முடிச்சுட்ட." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஓடினீர்கள். உடம்பு ஆறிப்போயிருந்தது, ஒரு கால் இழுத்தது. எதிர்ப்பக்கம் சில பையன்கள் கைதட்டினார்கள். அது எந்த மாதிரிக் கைதட்டல் என்று மேஜைப் பக்கத்திலிருந்து தெரியவில்லை. அந்த ஒரு சுற்று முழுவதும் நான் ரப்பர் பேண்டை விரலில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கோட்டைத் தாண்டியதும் மாற்றிக்கொண்டேன். ஐந்தாவது என்று எழுதினார்கள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அண்ணன் முன்னால் போய் நின்றுகொண்டார். சந்து முனையில், குழாயடியில் அத்தனை பேர் இருக்க, என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வூட்டு ஆளாடி?" என்றார். பிறகு, "ரப்பர் பேண்டு எண்ணத் தெரியல, காலேஜுக்குப் போறாளாம்."

அதற்குப் பிறகு வெகு நாள் எனக்கு வீட்டில் ரெஃப்ரியம்மா என்றுதான் பெயர். "ரெஃப்ரியம்மாவுக்குச் சோறு போடு. சரியா எண்ணிப் போடு, இல்லாட்டி கம்ப்ளெயின்ட் பண்ணுவா." நீங்கள் போட்டீர்கள். அவர் சொல்வதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். நீங்கள் அதே கார்மெண்ட்ஸுக்கே போய்க்கொண்டிருந்தீர்கள். ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள்.

சில வருடம் கழித்து, உங்கள் அம்மா வீட்டுத் திருவிழாவுக்கு நாம் இருவரும் ஆனேக்கல் பஸ்ஸில் போனோம். எனக்கு வேலை கிடைத்திருந்த சமயம். மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, ஊர் விஷயம் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

"அன்னிக்கு நீ எண்ணுனது கரெக்டுதான் பாப்பா."

நான் உரித்த கடலையை வாயில் போடவில்லை.

"அந்தத் தும்கூரு பொண்ணு தாண்டிப் போனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ கத்துனதும் கேட்டுச்சு."

"அப்பவே எந்திரிச்சிருந்தா அவளப் புடிச்சிருக்கலாமே அண்ணி. ஏன் எந்திரிக்கல?"

"உங்கண்ணன் சிரிச்சுகிட்டு இருந்தாரு."

கண்டக்டர் வந்தார், போனார். நான் கேட்டேன்: "இத அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? என் தலய மடியில வெச்சுகிட்டு அந்த மனுசன் அப்படிச் சிரிச்சாரே. அது பொய்யின்னு தெரிஞ்சுகிட்டேதான் படுத்திருந்தேன்னு சொல்லணும்." கடலைத் தோலை ஜன்னல் வழியாக ஊதிவிட்டீர்கள். "நான் சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட. நீ சொல்லுவேன்னு நெனைக்கல. ஆனா சொல்லிட்ட."

அது பாராட்டா, குறையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்க வேண்டும். ஆனேக்கல் வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.

என் கோபம் இதுதான் அண்ணி. மணியைக் கேட்டு ஏமாந்தது தப்பில்லை. அந்தத் தடத்தில் யாருக்கும் நடக்கும். படுத்திருந்ததையும் விட்டுவிடுகிறேன். ஆனால் அத்தனை வருடம் அண்ணன் என்னைக் குத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் பக்கத்தில் கரண்டியோடு நின்றீர்கள். நான் அந்த வீட்டை விட்டு ஹாஸ்டலுக்குப் போனதே அதனால்தான் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வயிற்றுக் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நான் காத்திருந்தேன். அண்ணன் தினமும் வந்து உங்கள் கால் விரல்களை ஈரத்துணியால் துடைப்பார். நான் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பேன். இன்று சொல்வீர்கள், நாளை சொல்வீர்கள் என்று பார்த்தேன். ஒரு நாள் மத்தியானம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். வாயைத் திறந்தீர்கள். தண்ணீர் கேட்டீர்கள்.

இனி சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

உங்கள் முதல் வருடத் திதிக்கு ஸ்ரீராம்புரம் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அண்ணன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். முடி பாதி நரைத்துவிட்டது. உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரலில் பழைய குத்தல் இல்லை.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அன்னிக்கு நீ நெஜமாவே சரியா எண்ணுனியா?"

நானும் உங்கள் படத்தைப் பார்த்தேன்.

"அவ மொகத்தப் பாத்தேன். முடிச்சவ மொகம் அது. முடிக்காதவ அப்படிப் படுத்திருக்க மாட்டா. எங்கிட்ட மறைக்கிறவ இல்ல அவ." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மடியில இருந்தாளே, அந்த அஞ்சு நிமிசம்தான் எனக்கு. அது இல்லாட்டி என்னா இருக்குது?"

பஸ்ஸில் நீங்கள் சொன்னது அத்தனையும் என் தொண்டை வரைக்கும் வந்தது. என் பக்கம் நியாயம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இருந்தது. உங்களைத் தவிர அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். நீங்களோ படத்தில் இருந்தீர்கள்.

"மழை தூறிட்டு இருந்துச்சுல்லண்ணே" என்றேன். "ஒண்ணு விட்டுப்போயிருக்கும்."

"அதானே" என்றார். "நானும் அப்பவே சொன்னேன்ல." என் தலையில் கையை வைத்து லேசாக ஆட்டினார், சின்ன வயதில் செய்வதுபோல. "விடு. நீயும் சின்னப் பொண்ணுதானே அப்ப."

பிறகு சிரித்தார் அண்ணி. சத்தமில்லாத சிரிப்புதான். நீங்கள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

அந்த வீட்டில் இனி நான் தப்பாக எண்ணியவள்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள்மேல் உள்ள கோபத்தையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்கிறேன். அதை இறக்கி வைக்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.