போலீஸ் என்று ஒட்டிய வண்டி

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். கடையில் முதல் வேலை மினி லாரிக்குப் பின்பக்கம் 'அன்னையின் ஆசி', சிவப்பு ரேடியம் ஸ்டிக்கரில். பிறகு இரண்டு நம்பர் பிளேட்.

பன்னிரண்டு மணிக்கு அப்பாவை அடித்துவிட்டார்கள்.

குரும்பலூரிலிருந்து எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மொபெட்டில் வந்திருக்கிறார். ஹெல்மெட் தலையில் இல்லை, ஹேண்டில்பாரில் தொங்கியது. தப்புதான். ரோட்டு முக்கில் செக்கிங். எஸ்.ஐ. கை காட்டியும் வண்டி பத்தடி தள்ளித்தான் நின்றது. "ஏன்டா கெழவா, நிறுத்துன்னா நிறுத்த மாட்ட?" கன்னத்தில் ஒன்று. சுற்றிலும் பத்துப் பேர். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஊரில் பாதிக் கிணறு அவர் வெட்டியது.

சாம்பார் கொட்டிவிட்டது என்றுதான் என்னிடம் சொன்னார். மற்றதைப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சொன்னார்.

செப். 9, செவ்வாய்

மனு எழுதி ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் பிரிக்கக்கூட இல்லை. "மொதல்ல ஒங்கப்பா லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எடுத்துட்டு வா. ஒன் கடை லைசென்சும் எடுத்துட்டு வா. அப்பறம் மனுவப் பாக்கலாம்."

வெளியே வந்தால் அதே எஸ்.ஐ. பைக்கில் உள்ளே வருகிறார். ஹெல்மெட் இல்லை. அவரை எவன் கை காட்டி நிறுத்துவான்? அவர் தலை மட்டும் இரும்பில் செய்ததா?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆள் அப்பா முன்னால் நின்று 'தப்பு' என்று சொல்ல வேண்டும். அது நடக்காது என்றால் வேறு ஏதாவது நடக்க வேண்டும்.

செப். 12, வெள்ளி

அப்பா மொபெட்டைத் தொடுவதில்லை. பஸ்ஸில் வருகிறார். சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே இருட்டுப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது. பேச்சும்.

அம்மா போனில்: "வுட்ருடா. அவங்களோட மோத முடியுமா நம்மளால?"

விட மாட்டேன்.

செப். 17, புதன்

வந்து மாட்டினான்!

புது பைக். ஓட்டி வந்தவனுக்கு இருபது வயது இருக்கும், காலேஜ். கூடவே ஏட்டு. "எஸ்.ஐ. சார் மவன்ப்பா. முன்னாடி பின்னாடி போலீஸ்னு பெருசா ஒட்டு." எந்த எஸ்.ஐ. என்று கேட்டேன். அவரேதான்.

சொந்த வண்டியில் அப்படி ஒட்டக் கூடாது, ஒட்டினால் கடைக்குப் பூட்டு என்று எங்களை மிரட்டிவிட்டுப் போனதும் இதே ஏட்டுதான். பையன் எந்தப் பரீட்சை எழுதிப் போலீஸ் ஆனானாம்? கேட்கவில்லை. "ஒட்டிருவோம் சார்" என்று குழைந்தேன்.

புது வண்டிக்கு ஷோரூமில் பாலிஷ் பூசியிருப்பார்கள். தின்னர் போட்டுத் துடைத்தால்தான் ஸ்டிக்கர் பிடிக்கும். துடைக்கவில்லை. வெயிலில் கிடந்து பசை செத்துப்போன ரோல் ஒன்று இருந்தது. அதில் வெட்டினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஒரு மழைக்குத் தாங்காது.

இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

செப். 21, ஞாயிறு

மழை இல்லை. வேப்பந்தட்டைப் பக்கம் தூறியதாம். இங்கே ஒரு சொட்டு கிடையாது. மானாவாரிக்காரன்கூட இப்படி வானத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

வாங்க: தின்னர், பிளேடு, மஞ்சள் ரேடியம், அப்பாவுக்கு இருமல் மருந்து.

செப். 24, புதன்

கொட்டித் தீர்த்தது. கடைக்குள் தண்ணீர். பஞ்சர்க்காரர்: "என்னண்ணே, கடை முழுவுது, நீ சிரிக்கிற?"

செப். 26, வெள்ளி

பதினொரு மணிக்கு எஸ்.ஐ. மகன் வந்தான். தனியாக. ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்ட வேண்டுமாம். கன்னம் வீங்கியிருந்தது. விரல் விரலாகத் தெரிந்தது.

புதன்கிழமை மழையில் அரியலூர் போயிருக்கிறான். வழியிலேயே இரண்டு ஸ்டிக்கரும் உரிந்துவிட்டன. அது அவனுக்குத் தெரியாது. "செக்கிங்ல கை காட்டுனாங்கண்ணே. நம்ம வண்டிலதான் போலீஸ்னு இருக்கேன்னு நானும் கையக் காட்டிட்டு நிக்காமப் போயிட்டேன். வெரட்டிப் புடிச்சிட்டாங்க. எஸ்.ஐ. மவன்னு சொன்னா, எல்லாப் பயலும் இதத்தான்டா சொல்றீங்கன்னு ஒரு கான்ஸ்டபிள் ஒன்னு வுட்டாரு."

எழுதும்போதும் இனிக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அவன்.

"அப்பா போன் போட்டாருல்ல. அந்தக் கான்ஸ்டபிள் சாயங்காலமே அரியலூர்லேருந்து வூட்டுக்கு வந்துட்டாரு. அம்மா முன்னாடி என் கையப் புடிச்சிக்கிட்டு, தெரியாமப் பண்ணிட்டேன் தம்பின்னாரு. ஆப்பிள்லாம் வாங்கிட்டு வந்தாரு."

உள்ளேயிருந்து அப்பா எழுந்து வந்தார். அவன் யார் என்று அவருக்குத் தெரியாது.

"அடிச்சவரே வந்தாரா தம்பி?"

"ஆமாங்கய்யா."

"வூட்டுக்கேவா?"

"வூட்டுக்கேதான்."

"நல்லது தம்பி" என்றார். பொறாமையில்லாமல்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பைக்கிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். ரோட்டில் போலீஸ் பிடுங்குகிற அதே மாதிரி. பையன் பதறிவிட்டான். "அண்ணே, என்னண்ணே?"

"ஒங்கப்பாவ வரச் சொல்லு. எட்டாந்தேதி அவர் அடிச்ச கெழவன் இவருதான். இவருகிட்ட வந்து கேட்டு சாவிய வாங்கிக்கச் சொல்லு."

பையன் என் அப்பாவைப் பார்த்தான். தன் கன்னத்தைத் தொட்டான். நடந்தே போனான்.

சாவியை அப்பா கையில் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்வார், சொன்னால் சண்டை போடலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. மூடிய கை மூடியபடியே இருக்கிறது.

பஞ்சர்க்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். "ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்றார். வேலை ஓடவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன். போலீஸ் வந்து கடையை நொறுக்கலாம். என்னைத் தூக்கிக்கொண்டு போகலாம். வண்டித் திருட்டு என்று கேஸ் போடலாம்.

மணி மூன்றே கால். ஜீப் வந்து நிற்கிறது. முன் சீட்டில் அவரேதான். அப்பா எனக்கு முன்னால் எழுந்து, சாவியோடு வாசலுக்குப் போய்விட்டார்.